மைமூன் வீட்டு வாசலில் நின்ற சலாம்

சலாம் ஒன்று வாசலில் நின்றுவிட்டது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன! காட்டுப்பட்டினத்து உப்புக்கிடங்குத் தெருவில், மைமூன் வீட்டு முன்வாசலில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஸ்கூல் வேன் டிரைவர் கலந்தர் மைதீன் வந்து நின்று, செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, "மைமூன் தங்கச்சி, அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொன்னதும், உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற மைமூன் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்ததும், அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் தூக்கிக்கொண்டு போய்விட்டதும், ஆனால் அவர் சொன்ன சலாம் மட்டும் அவரோடு போகாமல் அங்கேயே நின்றுகொண்டதும், அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அவள் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? நல்லாக் கேட்டீர்கள் போங்கள். மைமூனுக்கு ஒரே மகள், சம்சியா, வீட்டில் சம்சு, ஒன்றாம் வகுப்பு. கலந்தர் ஓட்டுகிற வேனில்தான் பள்ளிக்கூடம் போவாள், வருவாள். உப்புக்கிடங்குத் தெரு குறுகல், உள்ளே வந்த வண்டி திரும்பாது, முக்குவரைக்கும் ரிவர்ஸில்தான் போயாகவேண்டும். அன்றைக்கும் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு, அது உள்ளே போயிருக்கும் என்று நினைத்து ரிவர்ஸ் எடுத்தார். பிள்ளை உள்ளே போகவில்லை, வண்டிக்குப் பின்னால் நின்றது. அதற்கு மேல் அதைச் சொல்ல வாய் வராது, விடுங்கள்.

ஏன் பின்னால் போனாள்? வாசல் இந்தப் பக்கம், உம்மா இந்தப் பக்கம், தட்டில் பிசைந்து வைத்த சோறு இந்தப் பக்கம். பிள்ளை எதற்கு வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகணும்? மைமூன் அடுப்பைப் பற்றவைக்கும்போதும் இதைத்தான் நினைத்தாள், கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யும்போதும் இதைத்தான் நினைத்தாள், தொழுகையில் சஜ்தாவில் நெற்றி தரையில் கிடக்கும்போதும் இதைத்தான் அல்லாஹ்விடம் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் "கதர்ம்மா, அல்லாஹ் எழுதுனது" என்றார்கள். எழுதியது சரி, ஏன் பின்னால் போனாள்?

மன்னிப்பு என்ற காரியமோ அவளைக் கேட்காமலே முடிந்து போயிருந்தது. மய்யித்தை அடக்கி சில நாள் கழித்து ஜமாஅத் பெரியவர்கள் முன்கூடத்தில் வந்து உட்கார்ந்து, சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கிற அவள் மாப்பிள்ளை, சம்சுவின் வாப்பா ஜக்கரியாவை போனில் கூப்பிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்து, நம்ம கலந்தர் தெரிஞ்சு செய்யலையே தம்பி, மன்னிக்கிறவனை அல்லாஹ் நேசிக்கிறான் தம்பி என்றெல்லாம் எடுத்துச் சொல்ல, அந்தப் பக்கம் ஜக்கரியா விக்கி விக்கி அழுதுகொண்டு "அல்லாவுக்காகப் பொறுத்துட்டேன்" என்றான். பெரியவர்கள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, துஆ ஓதி, தேத்தண்ணி குடித்து எழுந்து போனார்கள். அந்தத் தேத்தண்ணியைப் போட்டவள் மைமூன், கிளாஸ்களைக் கழுவியவளும் மைமூன். திரைக்குப் பின்னால் ஒரு பொம்பளை நிற்கிறாளே, பத்து மாசம் சுமந்தவள் அவள்தானே, அவளையும் ஒரு வார்த்தை கேட்போம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கழுவின கிளாஸ்களை அவள் கவிழ்த்து வைக்கவில்லை, குப்பைத்தொட்டியில் போட்டாள்.

கலந்தருக்கு மட்டும் அது தோன்றியிருக்கிறது, அதனால்தான் தனியாக வந்தார், பேரைச் சொல்லிச் சலாம் சொன்னார். சலாம் சொல்வது சுன்னத்து, நபிவழி, பதில் சொல்வது கடமை, இது மதரஸாவில் முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம். மைமூன் அதை மறந்துவிடவில்லை. பதில் சொன்னால் என்ன அர்த்தம்? உங்கள் மீதும் சாந்தி உண்டாகட்டும் என்று அர்த்தம். 'எங்கிட்ட இல்லாததை நான் எங்கேருந்து எடுத்து அவனுக்குக் குடுப்பேன்?' என்றுதான் கதவுக்குப் பின்னால் நின்று நினைத்தாள். அதுவரை அவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். அன்றிலிருந்து அவன்.

நின்றுபோன சலாமைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் இருப்பது தெரியும். கிட்டப் போனால் சோற்றுப்பானையைத் திறந்தமாதிரி முகத்தில் வெக்கை அடிக்கும். காதை வைத்தால் உள்ளே ஒரு ரீங்காரம் கேட்கும். முதலில் ஒரு பூனையளவு இருந்தது. மறுநாள் காலையில் தெருக்கூட்ட வந்தவள் விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்து, நகரவில்லை என்றதும் அதைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனாள். தெருவில் போகிறவர்கள் பழக்கதோஷத்தில் "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்று பதில் சொல்லிப் பார்த்தார்கள், அது அசையவில்லை. பள்ளிவாசல் ஆலிம்சா வந்து பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன சலாமுக்கு ஒருத்தர் பதில் சொன்னால் போதும், இது ஆளைப் பேர் சொல்லிச் சொன்ன சலாம், அவள்தான் சொல்லணும், நான் சொன்னாலும் செல்லாது என்று தாடியைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் என்ன, ஊர் அதோடு பழகிக்கொண்டது. மீன் கொண்டுவருகிற அந்தோணியம்மாள் கூடையை அதன் மேல் இறக்கி வைத்து இளைப்பாறி, "யாராச்சும் இதுக்கு ஒரு பதிலைச் சொல்லித் தொலைங்களேன், பாவம்ல" என்று சொல்லிவிட்டு நெத்திலியை அளப்பாள். தெருப் பூனைகள் மார்கழிப் பனிக்கு அதன் மேல் ஏறிப் படுத்தன. பச்சைப்பிள்ளைக்காரிகள், தூங்காத பிள்ளையை அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் தூங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து வரிசை கட்டினார்கள். ஒருத்தர் ராவோடு ராவாக அதன் மேல் பச்சைத் துணி போர்த்தி ஊதுபத்தி கொளுத்தி வைக்க, இன்னொரு சாரார் விடிந்ததும் வந்து இதெல்லாம் அல்லாஹ்வுக்கு இணைவைக்கிற ஷிர்க்கு என்று துணியை உருவி எறிய, இரண்டு தரப்பும் மைமூன் வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொள்ள, கடைசியில் ஆலிம்சா நடுவில் புகுந்து, "அட மனுசங்களா, அது அவுலியாவும் இல்ல, ஷைத்தானும் இல்ல, வெறும் சலாம், பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கு, போய் வேலையப் பாருங்க" என்று விரட்டினார். முக்கு டீக்கடைக்காரர் மட்டும் சலாம் பார்க்க வருகிற வெளியூர்க் கூட்டத்தை நம்பி இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

ஆனால் சலாம் வளர்ந்தது. பூனை ஆடாகியது, ஆடு ஆள் உயரமாகியது, நோன்புப் பெருநாள் வருவதற்குள் வாசல் நிலையை முட்டிக்கொண்டு நின்றது. முன்வாசல் வழியாகப் போக வர முடியவில்லை. மைமூனுக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை, அந்த ஊரில் பெண்கள் போக வர வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு உண்டு, ஆண்கள் கால் வைக்காத சந்து. அவள் அதன் வழியாகப் போனாள், வந்தாள். இடைஞ்சல் வேறு மாதிரி வந்தது. கலந்தருக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. அன்றைக்குச் சலாம் சொல்லிவிட்டுத் திரும்பியவர் வீட்டில் போய் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பேச்சு முழுவதும் மைமூன் வாசலில் கிடந்தது. டாக்டர் தொண்டையில் லைட் அடித்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். பேச்சோடு பசியும் போயிற்று. தொழுகையில் உதடு அசையும், சத்தம் வராது. ஆள் எலும்பும் தோலுமாகப் பாயில் ஒட்டிக்கொண்டார் என்று முடுக்கு வழியாக வருகிற ஒவ்வொருத்தியும் மைமூனுக்குச் சொன்னாள்.

சொன்னதோடு விடுவார்களா? அவளுக்கு உபதேசம் செய்ய ஊரே கிளம்பியது. ஜும்ஆ பயானில் இரக்கத்தைப் பற்றிப் பேச்சு, அந்த ஒலிபெருக்கி நேராக அவள் அடுப்படியைப் பார்த்து. பூமியிலுள்ளோர் மீது இரக்கம் காட்டுங்கள், வானத்திலுள்ளவன் உங்கள் மீது இரக்கம் காட்டுவான் என்று அது முழங்க, அவள் தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்து, "ரசூலுல்லா தன்னோட சாச்சா ஹம்ஸாவைக் கொன்னவரையே மன்னிச்சாங்களே புள்ள, நாமெல்லாம் எம்மாத்திரம்" என்றாள்.

மைமூன் துருவுவதை நிறுத்தினாள்.

"மன்னிச்சாங்க. ஆனா எங் கண்ணுல படாம இருக்க முடியுமான்னு கேட்டாங்கள்ல? அதையும் ஓதியிருக்கோம்ல? அவங்களுக்கே பாக்க முடியல மாமி. அவங்க நபி. நான் யாரு?"

அந்தப் பெண் எழுந்து போனாள். போகிற வழியெல்லாம் 'கல்நெஞ்சுக்காரி' என்று சொல்லிக்கொண்டு போனாள். ஊரில் அந்தப் பேச்சு பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்த்து அழுத அதே தெரு, இப்போது அவளைப் பார்த்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கியது. மைமூன் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. அவள் ஒவ்வொரு நாளும் முன்கதவுக்கு உள்ளே போய் உட்கார்ந்து அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பதிலை விட்டுவிட்டால் இது போய்விடும், இது போய்விட்டால் எல்லாம் முடிந்துவிடும், ஊர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடும், சம்சு நிஜமாகவே செத்துப்போவாள். இதுதான் அவள் பயம். யா அல்லாஹ், எந்தத் தாய்க்கு வரக்கூடாத பயம் அது!

ஓர் அஸர் வேளையில் முடுக்கு வழியாகக் கலந்தரின் மனைவி ஜுலைகா வந்தாள். அதுவரை வராதவள். அடுப்படி நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை. சலாமும் சொல்லவில்லை, இந்த வீட்டில் இன்னொரு சலாம் சொல்ல அவளுக்குப் பயம்.

"மைமூன், மன்னிக்கச் சொல்லி வரலம்மா. அந்த வார்த்தையக் கேக்க எனக்கு வாயும் இல்ல, மூஞ்சியும் இல்ல."

"பின்ன எதுக்கு வந்தீங்க ராத்தா?"

"அவங்க ஒண்ணு வச்சிருக்காங்க, ஒங்கிட்ட சொல்றதுக்கு. அதுக்குத்தான் அன்னைக்கு வந்தாங்க. நான் சொல்றேன்னேன், கேக்கல. எம் வாயாலதான் சொல்லணும், அவ காதுல நேரா விழணும்னு சொல்லிட்டுத்தான் வந்தாங்க. இப்ப வாயி இல்ல. ஆளும் தாங்காது. மௌத்தாகிட்டா அது அவங்களோட கபருக்குப் போயிரும்மா. அதான் மீறி வந்துட்டேன்."

மைமூன் அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள்.

"சொல்லுங்க."

ஜுலைகா நிலையிலேயே சரிந்து உட்கார்ந்தாள். "புள்ள எறங்கும்போது தெனமும் சலாம் சொல்லுமாம். இவங்களும் பதில் சொல்லுவாங்களாம். அன்னைக்குப் பின்னால முக்குல நின்ன ஒரு வண்டிக்காரன் ஹாரன் மேல ஹாரன் அடிச்சிருக்கான், இவங்க அவன்கூடச் சத்தம் போட்டதுல புள்ளையோட சலாமுக்குப் பதில் சொல்லல. ரிவர்ஸ் போட்டுட்டாங்க. அப்புறம்..." அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எடுத்துவிட்டுச் சொன்னாள். "தூக்குனப்போ உசுரு இருந்துச்சாம் மைமூன். இவங்க மூஞ்சியப் பாத்து, 'மாமா, சலாம் சொன்னேனே, கேக்கலையா, அதான் அந்தப் பக்கம் வந்து சொல்ல வந்தேன்'னு சொல்லிச்சாம். அப்பவும் இவங்க பதில் சொல்லல. ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரின்னு கத்திக்கிட்டு ஓடுனேனே தவிர, அந்தப் புள்ளைக்குப் பதில் சொல்லலையே ஜுலைகான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க."

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை.

பதில் வரவில்லையென்றால் கேட்கவில்லை என்று அர்த்தம், கிட்டப் போய்த் திரும்பச் சொல்லணும். பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? மைமூன்தான். மடியில் உட்காரவைத்து, அரபியும் தமிழும் கலந்து, முத்தம் கொடுத்துக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஏன் பின்னால் போனாள் என்ற கேள்விக்கு இத்தனை நாள் கழித்துப் பதில் வந்துவிட்டது, வந்து அவள் நெஞ்சிலேயே குத்திக்கொண்டு நின்றது. உம்மா சொன்னதைக் கேட்டுப் போனாள். கெட்டிக்காரப் பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை.

மைமூன் எழுந்தாள். முன்கூடத்தைக் கடந்து போய் முன்கதவின் தாழைத் திறந்து, இரண்டு கையாலும் இழுத்தாள். கதவு உள்பக்கம் திறந்தது. வாசல் நிறைய, நிலைக்கு நிலை அடைத்துக்கொண்டு சலாம் நின்றது, வெக்கை முகத்தில் அறைந்தது.

"வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றாள், கல்லை எறிவதுபோல. "போ. போய் அவன் வாயில ஏறு. எம் புள்ளைக்குச் சேரவேண்டியத அவன் குடுக்கணும். குடுக்காம அவன் மௌத்தாகக் கூடாது. போ!"

அது அசையவில்லை. பின்னால் வந்து நின்ற ஜுலைகா, "யா ரப்பே" என்றாள். மைமூன் திரும்பவும் சொன்னாள், இன்னும் சத்தமாக. தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள், டீக்கடையிலிருந்து கிளாஸோடு ஓடிவந்தவர்களும் உண்டு. அசையவில்லை. மூன்றாவது தடவை அவளுக்குக் குரலே வரவில்லை. கையை ஓங்கி அதை அடித்தாள், அடித்த கை அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, இத்தனை நாள் ரீங்காரம் ரீங்காரம் என்று காது கொடுத்துக் கேட்டது சத்தமே இல்லை. நடுக்கம். ஒரு மனுசன், தான் கொன்ற பிள்ளையின் உம்மாவுடைய வாசலில் நின்று வாயைத் திறந்தபோது அவனுடைய தொண்டைக்குழி நடுங்கின நடுக்கம், நின்றது நின்றபடி, அத்தனை வெயிலிலும் பனியிலும் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய கையும் பிள்ளையைக் குளிப்பாட்டின அன்றைக்குத் தொடங்கி இப்படித்தான் நடுங்கிக்கொண்டிருந்தது, சோறு பிசையும்போதும், தஸ்பீஹ் மணி உருட்டும்போதும். ஊரில் வேறு யாருக்கும் இந்த நடுக்கம் இல்லை. பெரியவர்களுக்கு இல்லை, ஆலிம்சாவுக்கு இல்லை, போனில் அழுத ஜக்கரியாவுக்குக்கூட இல்லை. அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான்.

மைமூன் நெற்றியை அதன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

"வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றாள். அதோடு நிறுத்தத்தான் நினைத்தாள். கடமை அவ்வளவுதான், அவர் சொன்னதும் அவ்வளவுதான். ஆனால் வாய் நிற்கவில்லை. "வ ரஹ்மத்துல்லாஹி" என்றும் வந்துவிட்டது. அல்லாஹ்வின் இரக்கமும் உங்கள் மீது உண்டாகட்டும். கேட்காததைச் சேர்த்துக் கொடுத்துவிட்டாள், திருப்பி எடுக்க முடியாது. வாங்கினதைவிட நல்லதாய்த் திருப்பிக் கொடுங்கள் என்று குர்ஆனில் இருப்பது அவளுக்கு அப்போது ஞாபகத்திலேயே இல்லை, சத்தியமாக இல்லை.

வாசல் காலியாகிவிட்டது. அவள் சாய்ந்திருந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் போக, முன்னால் விழப்போனவளை ஜுலைகா இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள். தெருவில் நின்றவர்களின் சட்டையும் முக்காடும் ஒரு பக்கமாகப் பறந்து படிந்தன, டீக்கடைக்காரரின் பாய்லர் மூடி தெறித்துப் போய் விழுந்தது. பூனைகள் எழுந்து கடற்கரைப் பக்கம் பார்த்தன, அந்தப் பக்கம்தான் கலந்தர் வீடு.

இரண்டு பெண்களும் முடுக்கு வழியாக ஓடினார்கள். கொடியில் காய்கிற துணிகளைத் தள்ளிக்கொண்டு, அம்மிக்கல்லில் இடித்துக்கொண்டு, கொல்லைக்குக் கொல்லை நின்ற பொம்பளைகள் "என்னம்மா, என்னம்மா" என்று கேட்கக் கேட்க ஓடினார்கள். ஜுலைகா வீட்டுக்குள் நுழைந்து அறைக்குள் போனாள். மைமூன் அறை வாசலில் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். மூச்சு வாங்கியது. திரை மெல்லிசு, பாயில் ஒட்டிக் கிடந்த உருவம் தெரிந்தது. இதுவா கலந்தர்? வேனில் இரண்டு பக்கமும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரிக்கிற மனுசனா இது?

உருவம் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தது. ஜுலைகா முதுகைத் தாங்கினாள். அவர் ஜுலைகாவைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை. பாய்க்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பிள்ளை நின்றால் முகம் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் பார்த்தார். தொண்டை கரகரத்து, துருப்பிடித்த கதவு மாதிரித் திறந்தது.

"வ அலைக்குமுஸ்ஸலாம் சம்சும்மா" என்றார். "மாமா கேட்டுட்டேன். நல்லாக் கேட்டுட்டேன். நீ சுத்திக்கிட்டு வராத, அங்கனயே நில்லு. வண்டி எடுக்கல. பாத்து... பாத்துப் போம்மா, உம்மா நிக்கிறாங்க பாரு."

அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்குக் காத்திருப்பவர்போல. ஜுலைகா திரையைப் பார்த்தாள். அடக்கின நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மைமூனுக்கு முகமெல்லாம் நனைந்து, முக்காடு நனைந்து, பிடித்திருந்த திரையும் நனைந்துகொண்டிருந்தது.

"போயிட்டா காக்கா" என்றாள். "பத்திரமாப் போயிட்டா."